அறுபது டிகிரியில் பதினான்காம் நாள்

மியான்யாங் நகரம், ஃபூ ஆற்றுக்கு அப்பால்
ஆய்வுக்கூட அடுப்பில் மூன்று குப்பிகள்.
எள்ளே இல்லாத எண்ணெய்;
கடுகுக்குப் பங்காளி முறையாகும் ஒரு விதையில் பிழிந்தது.
விளக்கில்லை, மூடியுமில்லை.
இங்கே ஒரு நாள் போனால்
அலமாரியில் ஒரு மாதம் என்று
குத்துமதிப்பாக ஒரு கணக்கு.

முதல் குப்பி, பச்சை விதை.
மேலாளர் குவாங்கின் செல்லப்பிள்ளை.
"தீ தீண்டாதது" என்று
இருபதாயிரம் லேபிள், பொன் எழுத்தில்,
முன்பே அச்சாகிவிட்டது.

இரண்டாவது, நூற்று அறுபதில் இருபத்திரண்டு நிமிடம்.
வறுத்தவள் கோவ் சுஃபென்.
உருளை சுற்றச் சுற்ற
இடது முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள் எண்களை.
காகிதம் என்றால் எண்ணெய் குடித்துவிடுமாம்.
லாய் ஜிங்யா அந்தக் கையைப் படமெடுத்துத்தான்
பதிவேட்டில் ஏற்றினாள்.

மூன்றாவது ஒரு தவறு.
மகனின் பள்ளியிலிருந்து போன்:
யாரையோ பென்சிலால் குத்திவிட்டான்.
பேசி முடித்துத் திரும்புவதற்குள்
இருநூறைத் தாண்டியிருந்தது உருளை.
"கொட்டிடவா?"
"வேண்டாம். அதையும் பிழி."

ஏழாம் நாள்
முதல் குப்பியில் மூக்கை வைத்தாள் ஜிங்யா.
நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி.
மழை நாளில் சன்னல் அடைத்த பேருந்து.
பத்தாம் நாள் சந்தேகமே இல்லை,
சிக்கு.

பூட்டை யாரும் உடைக்கவில்லை.
எள் என்பதற்குள் எண்ணெயாய் வந்து நிற்கும் ஆக்சிஜன்
ஒரே ஓர் இணைப்பைத் தொட்டது.
தொடப்பட்டது பக்கத்தில் இருந்ததைத் தொட்டது.
வதந்தி நடக்கும் வேகம் நமக்குத் தெரியும்தானே.

இரண்டாவது மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை?

விதைக்குள் ஓர் அமிலம்,
அதுபாட்டுக்கு இருந்தது.
சூடு ஏறியதும் ஒரு மூச்சு விட்டது,
நீயும் நானும் விடும் அதே கரியமிலம்.
விட்டதும்
வேறொன்றாகிவிட்டது.
பச்சை விதையில் தேடினால் அநேகமாய்க் கிடைக்காத ஒன்று.
வெறிபிடித்து அலையும் ஒவ்வொரு துணுக்குக்கும்
தன் ஹைட்ரஜனைக் கழற்றிக் கொடுத்து
போய் உட்கார் என்கிறது.
கொடுக்கக் கொடுக்க அதுவும் தீர்கிறது.

தியாகம் என்று எழுதப்போனேன்.
ஜிங்யா தலையாட்டினாள்:
அந்தப் பிணைப்பு அங்கே கொஞ்சம் தளர்வு,
அவ்வளவுதான்.

பதினான்காம் நாள் இரவு.
ஸ்டார்ச் விட்டதும் குடுவையெல்லாம் கருநீலம்.
சொட்டுச் சொட்டாய்க் குழாயைத் திறக்கிறாள்;
நீலம் எப்போது போகிறதோ அப்போது நிறுத்தவேண்டும்.
முதல் குப்பிக்குப்
பதினெட்டு மில்லி ஊற்றியும் பிடிவாதமாய் நின்றது நீலம்.
இரண்டாவதற்கு ஒன்றரையிலேயே
வெளுத்துப்போனது, கூப்பிட்டதும் வரும் பூனையாட்டம்.

மூன்றாவதில்தான் சிக்கல்.
அந்தப் புதுப்பொருள் அதில் பாதி எரிந்துபோயிருந்தது.
ஆனாலும் எண்ணெய் அசையவில்லை.
சர்க்கரையும் புரதமும் தீக்குள்
தனியாக ஏதோ பேசி முடித்திருக்கின்றன;
அந்தக் கறுப்புக்குள் யாரோ காவல் இருக்கிறார்கள்.
பெயர்ப் பட்டியல் நம்மிடம் இல்லை.
நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள்,
தார்.
கெடாதுதான்,
யார் தின்பது?

குவாங் அறிக்கையை இருமுறை படித்தார்.
"ஐந்தாம் நாளோடு நிறுத்தியிருக்கலாமே,
அதுவரை மூன்றும் ஒன்றுதானே?"
பொய்யில்லை. ஐந்தாம் நாள் வரை மூன்றும் ஒன்றுதான்.
ஜிங்யா வரைபடத்தைத் திரும்ப அனுப்பினாள்,
பதினான்கு புள்ளிகளோடு.
பதில் வரவில்லை.
லேபிள் கட்டுகள் படிக்கட்டின் கீழ்
அப்படியே கிடக்கின்றன.

மீந்த மூன்றாம் எண்ணெயை
வீட்டுக் கதவுக் கீலுக்கென்று
சுஃபென் கேட்டு வாங்கிப் போனாள்.
மார்ச்சில் செய்தி அனுப்பியிருந்தாள்:
கீல் இன்னும் பிசுபிசுக்கவில்லை.
பையன்தான்
இன்னொருவனைக் குத்திவிட்டான்.